1 ஜிபிபிஎஸ் இருந்தும் அம்மாவின் முகம் ஏன் உறைகிறது?

நீங்கள் கேட்டதை முதலில் என் சொற்களில் திருப்பிச் சொல்லிவிடுகிறேன். சிங்கப்பூரில், புங்கோலில் நாலறை வீடு. 1 ஜிபிபிஎஸ் ஃபைபர் இணைப்பு, அதாவது நொடிக்கு 1 ஜிகாபிட், 1000 மெகாபிட். ரவுட்டர் பாம் ஷெல்டருக்குள், வீட்டுக்குள்ளேயே இருக்கும் குண்டுவீச்சுப் பாதுகாப்பு அறையில், இருக்கிறது. அதன் பக்கத்தில் நின்று ஸ்பீட் டெஸ்ட் போட்டால் 600, 700 மெகாபிட் காட்டுகிறது. ஆனால் இரவு பத்து மணிக்குப் படுக்கையறையில் உட்கார்ந்து தஞ்சாவூர்ப் பக்கத்துக் கிராமத்தில் இருக்கும் அம்மாவை வீடியோவில் கூப்பிட்டால் அவர் முகம் உறைந்து நிற்கிறது, குரல் வெட்டி வெட்டி வருகிறது. கடைக்காரர் 10 ஜிபிபிஎஸ்ஸுக்கு மாறச் சொல்கிறார், மாறலாமா என்கிறீர்கள். கூடவே, இந்த டேட்டா எப்படித்தான் போய்ச் சேர்கிறது, அடிப்படையிலிருந்து சொல்லுங்கள் என்றும் கேட்டிருக்கிறீர்கள். இரண்டு கேள்வி மாதிரி தெரிந்தாலும் எனக்கு ஒன்றாகத்தான் படுகிறது. காசு கொடுத்து வாங்கிய வேகம் எங்கே போகிறது என்றுதான் கேட்கிறீர்கள்.

இந்தக் காரணத்துக்காக மட்டும் மாறுவதாக இருந்தால் வேண்டாம். ஏன் என்று சொல்லக் கொஞ்சம் நீளும்.

நான் இந்த வேலையில் 23 வருஷமாக இருக்கிறேன். அலுவலகக் கட்டடங்களின் கூரைப் பலகைக்கு மேலே தவழ்ந்து கேபிள் இழுத்ததில் தொடங்கி, நெட்வொர்க் கண்காணிப்பு அறையில் இரவு ஷிஃப்ட் பார்த்து, இப்போது புதிதாக வரும் பையன்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். இருந்தாலும் உங்கள் வீட்டை நான் பார்த்ததில்லை. அதனால் கணக்கும் இயற்பியலும் சொல்வதை அடித்துச் சொல்வேன். உங்கள் வீட்டைப் பற்றிச் சொல்வது ஊகம், அதை ஊகமாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

தமிழில் 'வேகம்' என்ற ஒரே சொல்லை இரண்டு காரியங்களுக்குப் புழங்குகிறோம். குழப்பம் முக்கால்வாசி அங்கேதான் பிறக்கிறது. ஒரு நொடியில் எவ்வளவு போகிறது என்பது ஒன்று. புறப்பட்டது போய்ச் சேர எவ்வளவு நேரம் ஆகிறது என்பது இன்னொன்று. சிராங்கூன் ரோட்டில் ஊருக்குக் கார்கோ பெட்டி போட்டிருப்பீர்கள். கப்பலில் நூறு கிலோகூடப் போடலாம், ஆனால் போய்ச் சேர வாரக்கணக்காகும். இதையே டேட்டாவில் வைத்துப் பாருங்கள். ஊருக்குப் போகும் நண்பர் கைப்பையில் 4 டெராபைட் வன்தட்டு ஒன்றைக் கொடுத்தனுப்புகிறீர்கள். பைட்டுக்கு எட்டு பிட் என்பதால் அதில் இருப்பது 32 லட்சம் கோடி பிட். சென்னைக்கு நாலு மணி நேரப் பயணம், அதாவது 14,400 நொடி. வகுத்தால் நொடிக்கு ஏறக்குறைய 2.2 ஜிகாபிட் வருகிறது. உங்கள் ஃபைபரைவிட இரண்டு மடங்குக்கு மேல்! ஆனால் அந்த வன்தட்டை வைத்து அம்மாவிடம் பேச முடியுமா? 'சாப்பிட்டாச்சா' என்று கேட்டால் பதில் வர எட்டு மணி நேரம் ஆகும். நொடிக்கு எவ்வளவு போகிறது என்ற முதலாவது பேண்ட்வித், போய்ச் சேர ஆகும் நேரம் என்ற இரண்டாவது லேட்டன்சி, தமிழில் தாமதம். விளம்பரத்தில் பெரிய எழுத்தில் போடுவது முதலாவதை மட்டும். பேச்சுக்கு வேண்டியது இரண்டாவது. அதைவிட முக்கியமாக, அந்தத் தாமதம் ஏறி இறங்காமல் ஒரே சீராக இருக்க வேண்டும்.

சரி, உங்கள் முகம் எப்படிப் பயணம் போகிறது? கேமரா பிடிக்கும் படம் 1280க்கு 720 புள்ளி என்று வைத்துக்கொள்வோம். புள்ளிக்கு 24 பிட், நொடிக்கு 30 படம். பெருக்கினால் நொடிக்கு 660 மெகாபிட்டைத் தாண்டும். அப்படியே அனுப்பினால் உங்கள் 1 ஜிபிபிஎஸ்ஸில் பாதிக்கு மேல் அதற்கே போய்விடும், ஊரில் இருக்கும் கைப்பேசி இணைப்பு தாங்கவே தாங்காது. அதனால் செயலி அதைச் சுருக்கி 2, 3 மெகாபிட்டுக்குக் கொண்டுவருகிறது. சில நூறு மடங்கு சுருக்கம். இதில் ஒரு தந்திரம் இருக்கிறது. ஒவ்வொரு படத்தையும் முழுசாக அனுப்புவதில்லை. முந்தின படத்திலிருந்து எது மாறியது என்பதை மட்டும் அனுப்புகிறது. சுவர் மாறவில்லை, உதடு மட்டும் அசைந்தது என்றால் உதடு மட்டும் போகும். இதனால்தான் நடுவில் ஒரு துண்டு தொலைந்தால் அதை நம்பி வந்த அடுத்தடுத்த படங்களும் கெடுகின்றன. முழுப்படம் ஒன்று மறுபடி வந்து சேரும்வரை முகம் கட்டம் கட்டமாகக் கலையும், அல்லது உறைந்து நிற்கும்.

துண்டு என்றேனே, அதுதான் பாக்கெட். ஒரு பாக்கெட்டில் அதிகபட்சம் 1500 பைட் என்பது ஈதர்நெட் காலத்திலிருந்து வரும் வழக்கம். 1960களில் அமெரிக்காவில் பால் பேரனும் இங்கிலாந்தில் டொனால்ட் டேவிஸும் ஒருவரையொருவர் அறியாமல் தனித்தனியாக, தகவலைத் துண்டு துண்டாக அனுப்பும் இந்த யோசனைக்கு வந்தார்கள். பழைய தொலைபேசியில் பேசி முடிக்கும்வரை இரண்டு ஊருக்கும் நடுவே ஒரு தடம் உங்களுக்கென்றே ஒதுக்கப்பட்டிருக்கும். நீங்கள் மௌனமாக இருந்தாலும் அதை வேறு யாரும் தொட முடியாது. பாக்கெட் முறையில் ஒதுக்கீடு என்பதே இல்லை. ஒவ்வொரு துண்டின் தலையிலும் யாருக்கு, யாரிடமிருந்து என்று முகவரி எழுதிவிட்டு, ஊருக்கெல்லாம் பொதுவான பாதையில் விட்டுவிடுகிறார்கள். வழியில் இருக்கும் ஒவ்வொரு ரவுட்டரும் முகவரியைப் பார்த்து அடுத்த ரவுட்டரிடம் தள்ளிவிடும். கூட்டம் அதிகமானால் வரிசையில் நிறுத்தும். வரிசையும் நிரம்பினால் கீழே போட்டுவிடும், யாரிடமும் சொல்லாது. இணையத்தின் அடிப்படை ஒப்பந்தமே இதுதான். முடிந்தவரை கொண்டுபோவோம், உத்தரவாதம் கிடையாது.

உத்தரவாதம் வேண்டுமென்றால் இரண்டு முனைகளும்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். அதற்கு டிசிபி என்ற முறை இருக்கிறது. வந்து சேராததைத் திரும்பக் கேட்டு வாங்கி வரிசைப்படுத்தும். வங்கிப் பக்கமோ மின்னஞ்சலோ ஓர் எழுத்துகூடத் தவறாமல் வருவது அதனால்தான். நேரடிப் பேச்சில் அது சரிப்படாது. தொலைந்த அரை வார்த்தையைத் திரும்ப வாங்கி வருவதற்குள் அம்மா அடுத்த வாக்கியத்துக்குப் போயிருப்பார். ஆகவே வீடியோ அழைப்புகள் பெரும்பாலும் யுடிபி என்ற, திரும்பிப் பார்க்காத முறையில் போகின்றன. தொலைந்தது தொலைந்ததுதான். யூடியூப் சறுக்காமல் ஓடுகிறதே, அழைப்பு மட்டும் ஏன் தடுமாறுகிறது என்று எழுதியிருந்தீர்கள். யூடியூப் அடுத்து வரப்போவதைப் பல நொடிகளுக்கு முன்பே வாங்கி வைத்துக்கொள்கிறது. அம்மா இன்னும் சொல்லாததை எப்படி முன்கூட்டி வாங்கி வைப்பது?

இடையில் ஒன்று, தமிழ் ஆள் என்பதால் சொல்லாமல் இருக்க முடியவில்லை. செய்தியில் 'அம்மா' என்று தமிழில் தட்டினால் கணினிக்கு அது மூன்று எழுத்து இல்லை. அகரம், மகரம், புள்ளி, மறுபடி மகரம், கால் என ஐந்து குறியீடு. எழுத்துகளைக் கணினியில் பதிக்கும் யுடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றுக்கும் 3 பைட், ஆக 15 பைட். அதையே ஆங்கில எழுத்தில் தட்டினால் 4 பைட்டில் முடிந்துவிடும். வீடியோவுக்கு முன்னால் இதெல்லாம் தூசு. ஆனால் 1990களில், எதிர்முனையில் அதே எழுத்துரு இல்லாவிட்டால் தமிழ் என்று அனுப்பியது கோணல்மாணலாகத்தான் போய்ச் சேரும். அந்தக் காலத்தில், 1995 இல், சிங்கப்பூர்க் கவிதைகள் இணையத்தில் ஏறியபோது தமிழையும் அதில் ஏற்றியவர் நம் ஊர் நா. கோவிந்தசாமி. பையன்களுக்கு வகுப்பெடுக்கும்போது அவர் பெயரைச் சொல்லாமல் நான் குறியீட்டுப் பாடத்தை முடிப்பதில்லை.

இப்போது உங்கள் வீட்டுக்குள் வருவோம். என் சந்தேகம் அதிகம் விழுவது இங்கேதான். வைஃபை என்பது வானொலி. உங்கள் புளோக்கில் எத்தனை ரவுட்டர்கள் இருக்கின்றனவோ அத்தனையும் ஒரே காற்றைப் பங்குபோடுகின்றன. ஒரே சேனலில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேசலாம், மற்றவர்கள் ஓய்வு கிடைக்கும்வரை காத்திருக்க வேண்டும். 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றன்மேல் ஒன்று ஏறாத சேனல்கள் மூன்றுதான், 1, 6, 11. கைப்பேசியில் வைஃபை பட்டியலைத் திறந்து எத்தனை பெயர் வருகிறது என்று எண்ணிப் பாருங்கள். வீவக அடுக்குமாடி வீட்டில் இருபது முப்பது சாதாரணம். போதாததற்கு மைக்ரோவேவ் அடுப்பும் அதே 2.4 பக்கம்தான் இரைச்சல் போடும். 5 கிகாஹெர்ட்ஸில் இடம் தாராளம், ஆனால் சுவரைத் தாண்டும் தெம்பு குறைவு.

அதிலும் நீங்கள் ரவுட்டரைப் பாம் ஷெல்டருக்குள் வைத்திருக்கிறீர்கள். 1990களின் பிற்பகுதியிலிருந்து கட்டப்பட்ட வீடுகளில் வரும் இந்த அறையின் நோக்கமே வெளியிலிருந்து எதுவும் உள்ளே வரக்கூடாது என்பது. கம்பி நெருக்கமாகக் கட்டிய கனமான கான்கிரீட், இரும்புக் கதவு. வெளியிலிருந்து வருவதைத் தடுப்பது உள்ளிருந்து போவதை மட்டும் விட்டுவிடுமா? உட்லண்ட்ஸில் தெரிந்த குடும்பம் ஒன்று, மினுக்கும் பச்சை விளக்கு சாமி படத்துக்குப் பக்கத்தில் கண்ணை உறுத்துகிறது என்று ரவுட்டரை ஷெல்டரில் வைத்துக் கதவையும் சாத்திவிட்டார்கள். அதன் பிறகு ஒரு கடையில் அவர்களுக்கு வைஃபையை வீடு முழுக்கப் பரப்பும் மெஷ் கருவிகள் மூன்றைத் தள்ளிவிட்டிருந்தார்கள், அதில் ஒன்று அந்த ஷெல்டருக்குள்ளேயே! நான் போய்ச் செய்த வேலை ஒரே ஒரு நீளமான கேபிளை இழுத்து ரவுட்டரைக் கூடத்து அலமாரி மேல் வைத்ததுதான். மெஷ் கெட்டது என்று சொல்லவில்லை. ஆனால் கேபிள் இல்லாமல் ஒன்றோடொன்று காற்றிலேயே பேசிக்கொள்ளும் மெஷ், அதே காற்றை இரண்டு முறை செலவழிக்கிறது. அதை யாரும் கடையில் சொல்வதில்லை. ஷெல்டர் சுவரை நம் இஷ்டத்துக்குத் துளைக்கவும் முடியாது, ஆகவே ரவுட்டரை வெளியே கொண்டுவருவதுதான் வழி.

கேபிள் என்றதும் நினைவு வருகிறது. கணினியைக் கேபிளில் போட்டு ஸ்பீட் டெஸ்ட் எடுத்தால் 940 மெகாபிட் வரை வரலாம், 1000 வராது. பாக்கெட்டின் தலைப்புகளுக்கும் இடைவெளிக்கும் போக மிச்சம் அவ்வளவுதான், யாரும் ஏமாற்றவில்லை. ஆனால் சரியாக 94 பக்கம் நின்றுவிட்டால் இணைப்பை நிறுவனத்திடம் குறை சொல்வதற்கு முன் கேபிளை மாற்றிப் பாருங்கள். ஜிகாபிட் வேகத்துக்குக் கேபிளுக்குள் இருக்கும் நான்கு ஜோடிக் கம்பியும் வேண்டும். ஒன்று அறுந்தாலும் இரண்டு முனைகளும் பேசிவைத்து 100க்கு இறங்கிவிடும். நான் பார்த்த புகார்களில் எத்தனையோ இப்படி இரண்டு வெள்ளிக் கேபிளில் முடிந்திருக்கின்றன.

வீட்டைத் தாண்டி வெளியே போகும் ஃபைபர் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அது பெரும்பாலும் நன்றாகவே இருக்கிறது. இங்கே வீடுகளில் பரவலாக இருக்கும் ஜிபான் முறையில் ஒரு ஃபைபர் வழியில் பிரிந்து பல வீடுகளுக்குப் போகிறது. கீழிறக்கத்துக்கு மொத்தம் ஏறக்குறைய 2.5 ஜிகாபிட், மேலேற்றத்துக்கு 1.25, அதை எல்லா வீடும் பங்குபோட்டுக்கொள்கின்றன. எல்லோரும் ஒரே நொடியில் முழு வேகம் கேட்பது அரிது என்ற நம்பிக்கையில் ஓடும் ஏற்பாடு, நடைமுறையில் ஓடவும் செய்கிறது.

அதற்கப்புறம் கடல். சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் நடுவே 2002 இல் போட்ட ஐ2ஐ என்ற கேபிளின் நீளம் சுமார் 3,200 கிலோமீட்டர். அதற்குப் பின் வேறு கேபிள்களும் வந்துவிட்டன. கண்ணாடிக்குள் ஒளி நொடிக்கு இரண்டு லட்சம் கிலோமீட்டர்தான் ஓடும், வெற்றிடத்தில் ஓடுவதில் மூன்றில் இரண்டு பங்கு. போய்வர 6,400 கிலோமீட்டர் என்றால் 32 மில்லி செகண்ட். எந்த நிறுவனத்துக்கு எவ்வளவு காசு கொடுத்தாலும் இதற்குக் கீழே இறங்காது. இனி கடைக்காரரின் பேச்சை இதோடு வைத்துப் பாருங்கள். 1500 பைட் பாக்கெட் ஒன்றை 1 ஜிபிபிஎஸ் இணைப்பில் ஏற்றி முடிக்க ஆகும் நேரம் 12 மைக்ரோ செகண்ட் (ஆயிரம் மைக்ரோ செகண்ட் சேர்ந்தால்தான் ஒரு மில்லி செகண்ட்). 10 ஜிபிபிஎஸ்ஸில் 1.2 மைக்ரோ செகண்ட். மிச்சமாவது 11 மைக்ரோ செகண்டுக்கும் குறைவு. கடலில் மட்டும் 32,000 மைக்ரோ செகண்ட் போகிறது. அம்மாவின் முகத்துக்கு இந்த 11ஆல் என்ன வந்துவிடப்போகிறது?

இந்தக் கடல் பாதை புதிதில்லை என்பது எனக்கு எப்போதும் வியப்பு. 1871 இலேயே மதராஸிலிருந்து பினாங்கு வழியாகச் சிங்கப்பூருக்குத் தந்திக் கேபிள் வந்துவிட்டது. அந்தக் காலத்துக் கடல் கேபிளின் செப்புக் கம்பிக்குத் தண்ணீர் புகாத உறை கட்டா பெர்ச்சா என்ற மரப்பால், மலாயாப் பக்கத்துக் காட்டு மரத்திலிருந்து வந்தது. கேபிளுக்காக வெட்டி வெட்டியே அந்த மரம் இங்கே ஏறக்குறைய அற்றுப்போனது. அப்போது செய்தி அனுப்பச் சொல்லுக்கு இவ்வளவு என்று கட்டணம், ஆகவே யாரும் வெட்டிப்பேச்சு பேசியிருக்க மாட்டார்கள்.

கடலைத் தாண்டிச் சென்னை, அங்கிருந்து தஞ்சாவூர், அதற்கும் சில மில்லி செகண்ட்தான். ஒரு பக்கத் தாமதம் 150 மில்லி செகண்டுக்குள் இருந்தால் பேச்சு இயல்பாக இருக்கும் என்பது ஐடியு என்ற பன்னாட்டுத் தொலைத்தொடர்பு அமைப்பின் பரிந்துரை. அதில் நாலில் ஒரு பங்குகூடக் கடலால் செலவாகவில்லை. ஆக, தூரம் குற்றவாளி இல்லை. இது உறுதி.

அம்மாவின் முனைதான் நான் சந்தேகப்படும் இரண்டாவது இடம். அவர் கையில் இருப்பது 4ஜி கைப்பேசி என்று எழுதியிருக்கிறீர்கள். இங்கே பத்து மணி என்றால் அங்கே ஏழரை. ஊரே வேலை முடிந்து வந்து கைப்பேசியைக் கையில் எடுக்கும் நேரம், எல்லோருக்கும் அதே கோபுரம். வரிசை எப்போதும் பாதையின் ஆகக் குறுகலான இடத்தில்தான் நிற்கும். அந்த வரிசை மிக நீளமாக இருந்தால் பாக்கெட் தொலையாது, ஆனால் அரை நொடி, ஒரு நொடி தாமதமாக வரும். நேரடிப் பேச்சுக்கு அது தொலைந்த மாதிரிதான். ஜிம் கெட்டிஸ் என்ற அமெரிக்கக் கணினி நிரலாளர் இதற்கு பஃபர்புளோட் என்று பெயர் வைத்தார். உங்கள் பக்கமும் இது நடக்கலாம். ஞாயிற்றுக்கிழமை செந்தோசா போய் எடுத்த வீடியோவெல்லாம் இரவில் தானாக மேலேறிக்கொண்டிருந்தால், ஃபைபர் அதை விழுங்கிவிடும், ஆனால் பலவீனமான வைஃபையில் உங்கள் முகம் அந்த வீடியோக்களுக்குப் பின்னால் வரிசையில் நிற்கும்.

ஆக உங்கள் வைஃபையா, அம்மாவின் கோபுரமா? இதை இங்கிருந்து என்னால் முடிவுசெய்ய முடியாது, ஆனால் நீங்கள் ஒரு மாலையில் கண்டுபிடித்துவிடலாம். வழக்கமாக உட்காரும் அதே இடத்திலிருந்து, அதே பத்து மணிக்கு, சிங்கப்பூரிலேயே இருக்கும் நண்பரை வீடியோவில் அழையுங்கள். அதுவும் தடுமாறினால் குற்றம் உங்கள் வீட்டில்தான் இருக்க வாய்ப்பு அதிகம். அடுத்து, கைப்பேசியில் வைஃபையை அணைத்துவிட்டு மொபைல் டேட்டாவில் அம்மாவை அழையுங்கள். அப்போதும் அதே மாதிரி உறைந்தால் அம்மாவின் பக்கம் பாருங்கள். சரியாகிவிட்டால் குற்றம் உங்கள் வைஃபையில். மூன்றாவதாக, மடிக்கணினியிலிருந்து உங்கள் ரவுட்டருக்கே பிங் போடுங்கள் (சின்னப் பாக்கெட் ஒன்று போய்வர எத்தனை மில்லி செகண்ட் ஆகிறது என்று அளக்கும் கட்டளை அது), முகவரி பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.0.1, ஒரு நூறு முறை. சராசரியைப் பார்க்காதீர்கள், ஆக அதிகமானது எவ்வளவு என்று பாருங்கள். வீட்டுக்குள்ளேயே 2, 3, 180, 4, 240 என்று துள்ளினால் கடலைத் தாண்டிப் போய்த் தேட வேண்டியதில்லை.

எனக்கு உறுதியில்லாத இடம் ஒன்று உண்டு. அழைப்புச் செயலி உங்கள் பாக்கெட்டை நேராக அம்மாவுக்கு அனுப்புகிறதா, நடுவில் ஏதாவது சர்வர் வழியாகச் சுற்றிவிடுகிறதா என்பது அழைப்புக்கு அழைப்பு மாறும். இணையத்தில் பாக்கெட்டின் தலையில் எழுதும் ஐபிவி4 என்ற பழைய வகை முகவரிகள் மொத்தமே 430 கோடிக்குள்தான். போதாமல் போனதால் கைப்பேசி நிறுவனங்கள் பலரை ஒரே முகவரிக்குப் பின்னால் வைத்திருக்கின்றன. அப்போது இரண்டு முனைகளும் ஒன்றையொன்று நேரடியாகக் கண்டுபிடிக்க முடியாமல் இடைத்தரகர் சர்வர் தேவைப்படலாம். அந்த சர்வர் எந்த ஊரில் இருக்கிறதோ அதைப் பொறுத்துத் தாமதம் கூடும். மூன்று சோதனையும் சுத்தமாக வந்தும் உறைந்தால் வேறு செயலியில் ஒருமுறை அழைத்துப் பாருங்கள்.

10 ஜிபிபிஎஸ் வீண் என்று நான் சொன்னதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். நாடு முழுதும் அதற்குத் தயாராக 2024 இல் அரசு 100 மில்லியன் வெள்ளி வரை ஒதுக்குவதாக அறிவித்தது. பெரிய வீடியோக் கோப்புகளை ஏற்றி இறக்கும் தொழில் செய்பவருக்கு அது வரம். ஆனால் உங்கள் மடிக்கணினியின் கேபிள் துளையே பெரும்பாலும் 1 ஜிகாபிட்தான். ஷெல்டர் சுவர் அதையும் பார்த்து அசையாது.

முதலில் ரவுட்டரை வெளியே கொண்டுவந்துவிட்டு, அதற்கப்புறம் சோதனைகளைச் செய்யுங்கள். பிங்கில் ஆக அதிகம் எவ்வளவு வந்தது, நண்பர் அழைப்பு எப்படி இருந்தது, மொபைல் டேட்டாவில் என்ன ஆனது என்று இங்கேயே எழுதுங்கள். அம்மா பக்கம்தான் குறை என்று தெரிந்தால், அவர் வீட்டில் எந்த மூலையில் உட்கார்ந்து பேசுகிறார் என்பதையும் கேட்டு வையுங்கள். ஓட்டு வீடா, மாடி வீடா என்பதும் தெரிய வேண்டும்.